வாதியின் பெயர்

எலியேசர் வாத்தியாருக்குக் கோர்ட்டைக் கண்டு பயமில்லை. கோர்ட்டு வாசலில் நிற்கும் டவாலி சேவகனைக் கண்டுதான் பயம். வழக்குக் கட்டை எடுத்ததும் அந்த ஆள் வெளியே வந்து, வாதி பெயரைத் தெருக்கோடிவரை கேட்கும்படி மூன்று முறை கூப்பிடுவான். வெற்றிலைக் கடைக்காரன் முதல் வண்டிக்காரன்வரை திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித் தன் தங்கை இன்பமணியின் பெயர் சந்தி சிரிக்கக் கூடாது என்று நினைத்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தினமும் நாற்பது பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுகிற மனிதர்தான்.

வழக்கு ஒரு வயலுக்காக. சேரன்மகாதேவியில், கால்வாய் ஓரம், மூன்று மரக்கால் விதைக்கிற நிலம். அப்பா அதை இன்பமணியின் பெயருக்கே பத்திரம் பதிந்து கொடுத்திருந்தார். அவள் புருஷன் காய்ச்சலில் இறந்ததும், "நான் பாத்துக்கிடுதேன் மதினி" என்று உள்ளே வந்த கொழுந்தன் தேவசிகாமணி, முதல் அறுப்புக்கே வயல் தன்னுடையது என்றான். பன்னிரண்டு வருஷம் அப்படி அனுபவித்துவிட்டால் சட்டமும் அவன் பக்கம் போய்விடும். வாத்தியாருக்கோ பதினோராவது வருஷத்தில்தான் ரோஷம் வந்தது.

வக்கீல் சிவசண்முகம் பிள்ளை பத்திரத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: "பத்திரம் உம்ம தங்கச்சி பேர்ல இருக்கு. பிராதும் அவங்க பேர்லதான் போகணும் வே."

"கூடப்பெறந்த அண்ணன் நானில்லா?"

"இரும், யாரு வேண்டாங்கா? வயலப் பறிகொடுத்தது நீரா, அவங்களா? அவங்க வரணும்னுகூட இல்ல. முக்தியார் எழுதிக் குடுத்தா அவங்களுக்காக நீரே வந்து நிக்கலாம். ஆனா வாதி அவங்கதான்."

"பேரக் கூப்பிடுவாம்லா?"

"கூப்பிடத்தான் செய்வான்."

வாத்தியார் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். வேறொரு வக்கீல், கேட்டபடியே அவர் பெயரில் பிராது எழுதிக் கொடுத்தார்.

"நான் வந்து சொல்லுதேண்ணே," என்றாள் இன்பமணி. "எங்கன வரப்பு, எங்கன மடைன்னு எனக்குத்தான தெரியும்."

"அந்தச் சீரழிவு ஒனக்கு எதுக்குப் பிள்ள? நான் இருக்கேம்லா."

அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடவே வந்தாள். வாத்தியார் அவளைக் கோர்ட்டு வளாகத்து மருத மரத்தடியில் கூண்டு வண்டிக்குள்ளேயே, திரையை இறக்கி உட்கார வைத்தார்.

இரண்டு வருஷம் இழுத்தது. கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறிய வாத்தியாரிடம் எதிர்க்கட்சி வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். வயல் யாருடையது? பொய் சொல்லிப் பழகாத வாய். "என் தங்கச்சியோடது," என்றார்.

அவ்வளவுதான். தேவசிகாமணி செய்தது சரியா தப்பா என்று முன்சீப் பார்க்கவே இல்லை. பார்க்கவேண்டுமானால் வயலுக்கு உரியவள் வந்து கேட்கவேண்டும், இந்த வாதிக்கு வழக்குப் போட உரிமை இல்லை, தள்ளுபடி. தங்கையை இப்போதாவது சேர்த்துக்கொள்ளலாமா என்று வாத்தியாரின் வக்கீல் எழுந்து கேட்டார். சேர்த்தால் இன்றைக்குத்தான் அவள் வழக்குப் போட்டதாக ஆகும். பன்னிரண்டு வருஷக் கெடு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

திருடியவன் கொழுந்தன், ஆனால் வயலைத் தொலைத்தது தான்தான் என்று வாத்தியாருக்கு அப்போது விளங்கியது. வண்டியருகே போய், திரையை விலக்கி, நடந்ததைச் சொன்னார்.

இன்பமணி அழவில்லை. "ஒவ்வொரு வாய்தாவுக்கும் காதக் குடுத்துக்கிட்டே இருந்தேண்ணே," என்றாள். "ஒரு தடவகூட என் பேரு வரல. கூப்பிட்டிருந்தா எறங்கி வந்திருப்பேன்."

வாசலில் சேவகன் அடுத்த வழக்கைக் கூப்பிட்டான். "செல்லக்கிளி... செல்லக்கிளி... செல்லக்கிளி..." மர நிழலில் இருந்த ஒரு பெண் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, வெற்றிலைக் கடைக்காரன்கூட. இன்பமணி மட்டும், அந்தப் பெண் உள்ளே போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.