ரூபி மாட்டிவிடும் பெல்ட்

ரூபி குனிந்து காசிராஜனின் மார்புக்குக் குறுக்கே பெல்ட்டை மாட்டும்போதெல்லாம் செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது. பெல்ட் மாட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடுமா?

காற்றாலை வேலையில் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவன் காசிராஜன். அதன்பிறகு அவனைத் தூக்கிக் குளிப்பாட்டியதும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்ததும் பெண்டாட்டி செண்பகவல்லிதான். அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. எட்டயபுரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை கிடைத்து, கோவில்பட்டியிலிருந்து கூட்டிப்போக ஒரு தொண்டு நிறுவனத்தின் வேன் வர ஆரம்பித்த பிறகுதான் சிரித்தான். வேனை ஓட்டுகிறவள் ரூபி. இப்போதெல்லாம் ஹாரன் கேட்குமுன்பே தலை சீவி, பவுடர் போட்டு, சக்கர நாற்காலியை வாசலுக்குத் திருப்பிவைத்துக் காத்திருக்கிறான்.

"அந்த பெல்ட்டு சரியில்லங்க, ஆட்டோவுல போங்க" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "அந்தப் புள்ள வண்டிய வெரட்டுதா" என்று இன்னொரு நாள். இரண்டும் பொய் என்று அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அதனால்தான் நிஜம் வந்தபோது நம்ப ஆளில்லாமல் போயிற்று. ஒரு காலையில் தொண்டு நிறுவனத்திலிருந்து செண்பகவல்லிக்குப் போன். அந்த வகை பெல்ட்டுகளில் பூட்டு பழுதாம். குலுக்கலில் தானாகத் திறந்துகொள்ளுமாம். தயாரித்த கம்பெனியே எல்லாவற்றையும் திரும்பப் பெற்று மாற்றித் தரப்போகிறது. அதுவரை யாரும் ஏற வேண்டாம். ரூபிக்கு லைன் கிடைக்கவில்லை, வந்தால் சொல்லிவிடுங்கள் என்றார்கள்.

போனை வைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். கொஞ்ச நாளைக்கு ரூபி வரமாட்டாள்.

அவள் விஷயத்தைச் சொன்னதும், "இதுவும் ஒன் வேலதானாட்டி?" என்றான் காசிராஜன்.

"சத்தியமா இல்லங்க. ஆபீஸ்ல இருந்தே சொல்லுதாவ."

அதற்குள் வந்துவிட்ட ரூபி தன் போனை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. "பெல்ட்டு நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு அக்கா?"

"நீ ஏத்து ரூபி. கடைக்கு நேரமாவுது" என்றான் அவன்.

ரூபி என்று அவன் சொன்ன விதத்தில் செண்பகவல்லிக்கு என்னவோ அறுந்தது. விறுவிறுவென்று சாய்தளத்தில் ஏறி வேனுக்குள் போனாள். பெல்ட்டைப் பூட்டில் சொருகி, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தாள். நின்றது. மறுபடி இழுத்தாள். அப்போதும் பூட்டு விடவில்லை.

"போதும், எறங்குட்டி. ஊரு சிரிக்கி."

கண்ணில் நீர் முட்டிற்று. காலை ஊன்றி, மனசில் கிடந்த ஆங்காரத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். டக்கென்று பூட்டு வாயைப் பிளந்தது. அவள் மல்லாக்கப் போய் விழுந்தாள்.

ரூபி ஓடிவந்து தூக்கினாள். "ஆண்டவரே, அண்ணாச்சிய வச்சிக்கிட்டு எத்தன மட்டம் பிரேக்கு அடிச்சிருக்கேன்!" என்று செண்பகவல்லியின் தோளிலேயே அழுதாள்.

"அடி பட்டுருச்சா?" என்று காசிராஜன் கீழேயிருந்து கேட்டான்.

புது பெல்ட் வந்து வேன் மறுபடி ஓடிய அன்று, செண்பகவல்லி ரூபியிடம் கேட்டு மாட்டப் பழகி, தானே அவனுக்கு மாட்டிவிட்டாள். "நானும் வாரேன், ஒங்க கடையப் பாக்கணும்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஊரைத் தாண்டிக் கரிசல்காடு வந்ததும் ரூபி, "அண்ணாச்சி, கரண்டு காத்தாடி உச்சியில நின்னு மழையப் பாத்த கதைய அக்காட்ட சொன்னீங்களா? கடம்பூர்ப் பக்கம் பெய்யும், ஒங்க தலைக்கு மேல வெயிலடிக்கும்னீங்களே" என்றாள்.

செண்பகவல்லி திரும்பினாள். "எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே?"

"நீ கேட்டதில்லையேட்டி."

தினமும் தூக்கிச் சுமந்தவளுக்குச் சொல்லாததை, வண்டி ஓட்டுகிறவளுக்குச் சொல்லியிருக்கிறான். பெல்ட்டை மாற்றியதுபோல் அதை மாற்றிவிட முடியாது. அவள் சீட்டில் நன்றாகத் திரும்பி அவனைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இப்பக் கேக்கேன்லா," என்றாள், "சொல்லுங்க."