பன்னிரண்டு லாரி மணல்

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். ஸ்பாக்ஸ் நகரில் விடியலில் பிடித்த தூறல் இன்னும் விட்டபாடில்லை. மூடிக் கிடக்கும் ஈய ஆலையின் வாசலில், நகராட்சித் துப்புரவுப் பிரிவின் எழுத்தர் பெய்யா, தலைநகரிலிருந்து வரும் ஆய்வாளருக்காகக் குடையுடன் காத்திருந்தாள்.

ஆலை மூடிப் பதினெட்டு ஆண்டுகளாகியும் அதன் கசடு மண்ணிலேயே இருந்தது. மதிலை ஒட்டிய வீடுகளில் ஒன்று பெய்யாவுடையது. அவளுடைய ஐந்து வயது மகள் இனேஸின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. இருமுறை வலிப்பும் வந்துவிட்டது. மண் மாற வேண்டும், இல்லையேல் வீடு மாற வேண்டும், மருந்தால் மட்டும் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த வீட்டை வாங்குவார் இல்லை. மிஞ்சியது, நஞ்சேறிய ஆலை நிலங்களைத் தன் செலவில் அகழ்ந்து தூய்மைப்படுத்த அரசு அறிவித்திருந்த திட்டம். அதுவும் நாடு முழுவதற்கும் ஆறு இடங்களுக்கு மட்டும். நகராட்சியும் அதற்கு விண்ணப்பித்திருந்தது; மண்ணைச் சோதிக்கத்தான் ஆய்வாளர் வருகிறார்.

தலைநகரிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் நடைபாதைக் கற்களுக்கு வெள்ளை அடிப்பதும், அரளித் தொட்டிகளை வரிசையாக வைப்பதும் அங்கே எழுதப்படாத விதி. நகராட்சிச் செயலாளர் லம்ஜெத் அதற்கு ஆணையிட்டார். கறுத்த கசட்டை விருந்தாளியின் காலடியில் விரித்து வைப்பது வெட்கக்கேடு என்று எண்ணி, கடற்கரை மணல் பன்னிரண்டு லாரிகள் கேட்டு வாங்கிப் பரப்பியவள் பெய்யாதான். பக்கத்து வீட்டுத் தலந்தா வேலி ஓரமாக நின்று சிரித்தாள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குடி உன் ஆலை. மாப்பிள்ளை பேனாவோட வர்றாரு."

ஆய்வாளர் ஷெத்லி ரப்பர் காலணியுடன் வந்தார். நிலத்தைக் கயிற்றால் கட்டங்களாக்கி, கட்டத்துக்கு ஒன்றாக, மேல்மண்ணில் இருபது சென்டிமீட்டர் ஆழம்வரை அள்ளிப் பையிலிட்டார். மூன்றாவது பையிலும் மஞ்சள் மணலே விழுந்தபோது பெய்யா கயிற்றைத் தாண்டி அவரருகே போனாள்.

"ஐயா, இது நாங்க கொட்டின மணல். கறுப்பு மண்ணு இதுக்குக் கீழ இருக்கு. இன்னும் ஒரு சாண் தோண்டுங்க."

"எதுக்குக் கொட்டினீங்க?"

"நீங்க வர்றீங்கன்னு."

ஷெத்லி பையின் வாயைக் கட்டினார். "இருபது சென்டிமீட்டர்னு விதியில இருக்கும்மா. மீறித் தோண்டினா என் அறிக்கையவே தள்ளிடுவாங்க. நடந்ததை எழுத்துல குடுங்க. நகராட்சி முத்திரையோட."

லம்ஜெத் மறுத்தார். நிலத்தை மறைத்தோம் என்று தம் கையாலேயே எழுதித் தருவதற்குத் தமக்கு இன்னும் புத்தி பேதலிக்கவில்லை என்றார். முத்திரை பெய்யாவின் இழுப்பறையில் இருந்தது. மறுநாள் மதியம் அவர் உணவுக்குப் போன வேளையில், நடந்ததை ஒரு வரியும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, தன் பெயரிலேயே கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் சேர்த்தாள். அதற்குப் பின் தபால்காரர் வரும் நாள்களில் அவளால் இருக்கையில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. இனேஸுக்கு மூன்றாம் முறையும் வலிப்பு வந்தது.

பதினாறு வாரங்கள் கழித்து லம்ஜெத் அவளை அறைக்கு அழைத்தார். கோபத்தை எதிர்பார்த்துப் போனாள். அவர் குரலை உயர்த்தவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த அமைச்சகத்தின் முடிவைத் தாமே படித்தார். எல்லா மாதிரிகளிலும் ஈயம் வரம்புக்குள் இருந்தது. நிலத்தின் மேற்பரப்பை நகராட்சியே மாற்றியதாக அதன் எழுத்தர் ஒப்புக்கொண்டிருப்பதால், உண்மை நிலையை அறிய வழியில்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மறு விண்ணப்பம் ஏற்கப்படாது.

"நான் உண்மையத்தானே எழுதினேன்?"

"ஆமா. அதைத்தான் காரணமாக் காட்டியிருக்காங்க."

ஐந்து ஆண்டுகளில் இனேஸுக்கு எத்தனை வயது என்று கணக்கிடத் தொடங்கிய பெய்யா, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். முடிவின் பிரதியை, வாக்குமூலம் தந்தவரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது. லம்ஜெத் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அமைச்சரின் கையொப்பம் இருந்த தாளை அவள் பக்கமாகத் திருப்பி, இரு கைகளாலும் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.