ஆறாவதுக்கு இடமில்லை

வேரோனிக்கா துவக்கில் மாட்டும் ரவைக்கூட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். குறுக்கே இருந்த ஆணியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஓட்டை; வெக்ஸ்போர்ட்டின் பின்னேர வெயில் அதற்குள்ளால் வந்து அவள் கண்ணைக் குத்தியது.

"றூபன், இதை ஆர் தொட்டது?"

"நான்தான் அக்கா." தம்பியின் முகத்தில் நல்ல காரியம் செய்தவனின் களை. "அத்தான்ர அலுமாரி ஒதுக்கேக்க கண்டன். ஆணியொண்டு குறுக்கை இறுகிக் கிடந்தது. ட்ரில் பண்ணி எடுத்திட்டன். றொய்சன் அண்ணைக்குக் குடுக்கிற சாமான்தானே, திருத்திக் குடுப்பமெண்டு."

செத்த வீட்டில் ஒருவர் சமைப்பார், ஒருவர் கதிரை அடுக்குவார். மெஷின் ஷொப்பில் வேலை செய்யும் றூபன், பழுதென்று கண்டதையெல்லாம் திருத்துவான். குசினிக் குழாய், கராஜ் கதவு, இப்போது இது.

"விசரா! அது பழுதில்லையடா. அதுதான் சட்டம்."

அவள் கணவர் யேசுரட்ணம் போய்ச் சேர்ந்து இரண்டு நாள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடிவந்த மனிசன், இங்கே வேலையிடத்துச் சிநேகிதன் றொய்சனோடு சேர்ந்து லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குக் கிளம்பியதை அவள் கடைசிவரை ஜீரணிக்கவில்லை. கோயில் ஆட்களிடம், மீன் பிடிக்கப் போகிறார் என்று சொல்லிவைத்தாள். மானிறைச்சியை ஆட்டிறைச்சி என்று பரிமாறி, பாதரிடமே நல்ல பெயர் வாங்கினாள்.

அந்தக் கூடு பத்து ரவை கொள்ளும்படி செய்யப்பட்டது. அவருடைய ரகத் துவக்குக்கு இந்த நாட்டில் ஐந்துதான் அனுமதி. அதற்குத்தான் குறுக்கே ஆணி. ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் அவளைக் குசினி மேசைக்குக் கூப்பிடுவார். ஐந்தைப் போட்டுவிட்டு, ஆறாவதைப் பெருவிரலால் அமத்திக் காட்டுவார். போகாது.

"பார் வேரோனிக்கா, இடமில்லை."

வெங்காயம் உரித்தபடியே "ஓம், கண்டன்" என்பாள். "அந்தக் காட்டுக்குள்ள ஆர் வந்து எண்ணப் போறான்?" என்று ஒருமுறை நக்கலாகக் கேட்டாள்.

"நான் எண்ணுவன்" என்றார். பிறகு, ஆறாவதைப் பெட்டிக்குள் போட்டபடி, "ஊரிலை துவக்கு வைச்சிருந்த ஒருத்தனையும் ஒருத்தரும் எண்ணச் சொல்லேல்லை."

அந்த 'நான் எண்ணுவன்' என்பதைச் சொல்லிக்காட்டி எத்தனையோ நாள் சிரித்திருக்கிறாள். இப்போது அதே வார்த்தையை நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. எப்பேர்ப்பட்ட மனிசனோடு வாழ்ந்திருக்கிறேன் என்ற பெருமையோடு அழுகையும் சேர்ந்து வந்தது.

றூபனின் முகம் சுண்டிப்போயிற்று. "திருப்பி ஆணி அடிக்கிறன் அக்கா."

"ஓட்டையைப் பெருப்பிச்சு வைச்சிருக்கிறாய். என்னத்தை அடிப்பாய்?"

"அப்ப ஷொப்புக்குக் கொண்டுபோறன்."

"இந்தக் கோலத்திலை இது வாசல் தாண்டக் கூடாது. வழியிலை உன்னைப் பிடிச்சா?"

"குப்பைக்குள்ள போடுவம்."

"எடுக்கிறவன்ர தலையிலைதான் விடியும். றொய்சனும் இண்டைக்குச் செபத்துக்கு வாறார். யேசுரட்ணம் தந்ததெண்டு நம்பி வாங்கிக்கொண்டு போவார், பாவம்." அவள் போனை எடுத்தாள். "பொலிசுக்கு அடிக்கிறன்."

"அக்கா! சனம் வரப்போகுது. வாசலிலை பொலிஸ் கார் நிண்டா அத்தானைப் பற்றி என்னெண்டு கதைப்பினம்? என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"கதைக்கட்டும். இந்த மனிசன்ர பேரிலை ஒரு பிழை கிடக்க நான் விடமாட்டன்."

செபமாலை பாதி சொல்லியானபோது பொலிஸ் கார் வந்தது. செபம் சொல்லிக்கொண்டிருந்த கிளடிஸ் அன்ரியின் குரல் அறுந்தது. எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின. வந்தவள் இளம் பொலிஸ்காரி. அவளைப் பக்கக் கதவால் கூட்டிக்கொண்டுபோய் ரகசியமாக முடித்திருக்கலாம். வேரோனிக்கா அப்படிச் செய்யவில்லை. ஹோலின் நடுவில் நின்று ஆட்களைப் பார்த்தாள்.

"இவர் மீன் பிடிக்கப் போனவரில்லை. மான் வேட்டைக்குப் போனவர். நீங்கள் எல்லாரும் திண்டதும் மான்தான்."

யாரோ செருமினார்கள்.

"வருத்தம் வந்து படுத்த உடனை துவக்கை றொய்சன் அண்ணைக்குச் சட்டப்படி மாத்திக் குடுத்திட்டார். இந்த ரவைக்கூடு மட்டும் வீட்டிலை நிண்டிட்டுது. இது ஐஞ்சுக்கு மேலை கொள்ளக் கூடாது. இவர் உயிரோடை இருக்கும்வரை கொள்ளேல்லை."

றொய்சன் குனிந்து கண்களைத் துடைத்தார்.

துவாயில் சுற்றியிருந்ததைப் பொலிஸ்காரி விரித்துப் பார்த்தாள். ஆணியைக் கழற்றியது யார் என்று கேட்டாள். வேரோனிக்கா வாய் திறக்குமுன், பின்னால் சுவரோடு சுவராக நின்ற றூபன் முன்னுக்கு வந்தான். தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிப் பொறுக்கி, நான்தான், பழுதென்று நினைத்துத் திருத்திவிட்டேன், அத்தானுக்கு இதில் சம்பந்தமில்லை என்றான். கடைசி வார்த்தையை இரண்டு தரம் சொன்னான். பொலிஸ்காரி அவன் பெயரைக் குறித்துக்கொண்டாள். தேவையென்றால் மறுபடி கூப்பிடுவோம் என்று சொல்லிப் பொருளைப் பைக்குள் போட்டு முத்திரையிட்டாள்.

போகத் திரும்பியவள், மெழுகுதிரிக்குப் பின்னால் இருந்த படத்தைக் கண்டு நின்றாள். இவர்தானா என்று மெல்லக் கேட்டாள்.

வேரோனிக்கா தலையசைத்தாள்.

கிட்ட வந்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, பொலிஸ்காரி குனிந்து சப்பாத்து லேஸை அவிழ்க்கத் தொடங்கினாள். நீண்ட லேஸ், இறுக்கிக் கட்டியிருந்தது. றூபன் ஓடிப்போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தான். செபத்தைத் தொடரப் பார்த்த கிளடிஸ் அன்ரியைக் கையமர்த்திவிட்டு, மற்றச் சப்பாத்தும் கழலும்வரை வேரோனிக்கா காத்துக்கொண்டு நின்றாள்.