பதினைந்தாம் எண் கம்பி

1994-இல் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் விஜயஸ்ரீ மைக்ரோபிராசஸர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். லேபில் இருந்தது 8085 பிராசஸர் வைத்த ஒரே ஒரு பயிற்சிக் கிட். மெமரி போதவில்லை என்று, கூடுதலாக ஒரு சிப் வைத்த போர்டைத் தன் கையாலேயே பற்றவைத்து அதில் சேர்த்தாள்.

மறுநாள் மாணவர்கள் சுற்றி நிற்க, கிட்டை ஓடவிட்டாள். டிஸ்ப்ளேயில் கன்னாபின்னாவென்று எழுத்துகள். புதிய சிப் தொட முடியாதபடி சுட்டது. கொஞ்ச நேரத்தில் அது செத்துப்போனது.

"யாரு இதத் தொட்டது?"

"காலையில தூசி தட்டுனேன் மேடம். கம்பியத் தொடல" என்றார் லேப் உதவியாளர் பூதத்தான். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருபவர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"தூசி தட்டுதேன்னு எதையாவது இழுத்து விட்டிருப்பிய. ஒரு வேலையும் உருப்படியாத் தெரியாது."

பையன்கள் சிரித்தார்கள். அவள் எழுதிக் கொடுத்த புகாரின்பேரில் துறைத்தலைவர் அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்.

இரண்டு வாரம் கழித்து வேறு சிப் வந்தது. பொருத்தியதும் அதுவும் சுட்டது. இம்முறை அவளைத் தவிர யாரும் கிட்டைத் தொட்டிருக்கவில்லை. மீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தாள். எந்த சிப்பைக் கூப்பிடுவது என்று சொல்லும் அட்ரஸ் பஸ்ஸில், பதினைந்தாம் எண் கம்பியைச் சரியான காலுக்குப் பதில் பக்கத்துக் காலில் பற்றவைத்திருந்தாள். பிராசஸர் எந்த சிப்பைக் கூப்பிட்டாலும் அவள் வைத்த சிப்பும் சேர்ந்து பதில் சொல்லியிருக்கிறது. பதில் போகும் டேட்டா பஸ்ஸின் எட்டுக் கம்பிகளும் எல்லா சிப்புக்கும் பொது. கூப்பிடப்பட்ட சிப் மட்டும்தான் அதில் பேசலாம், மற்றவை ஒதுங்கி இருக்க வேண்டும். இதை அவளே வகுப்பில் நாலு தடவை சொல்லியிருக்கிறாள்.

சத்தமில்லாமல் கம்பியை மாற்றினாள். கிட் ஓடியது. துறைத்தலைவர் பாராட்டினார்.

மூன்று நாள் கழித்து ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. கம்பிய நாந்தான் மாத்தி வச்சிருந்தேன்."

"எப்பத் தெரியும் மேடம்?"

"திங்கக்கிழமை."

"இன்னைக்கு வியாழன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "பயலுவ முன்னால சொன்னத, இங்கன தனியா வந்து சொல்லுதிய."

அவளுக்குக் காது வரை சுட்டது. மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் அந்தச் சர்க்யூட்டை வரைந்தாள். தன் பிழையை வட்டமிட்டு, பூதத்தான் பெயரைச் சொல்லி, பழி தன்னுடையது என்றாள். யாரும் சிரிக்கவில்லை. புகாரையும் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றாள்.

துறைத்தலைவர் அவரை லேபுக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

"இங்கனயே இருந்துக்கிடுதேன் சார்" என்றுவிட்டார் பூதத்தான்.

வராந்தாவில் எதிர்ப்பட்டால் இப்போதும் அவர்தான் முதலில் வணக்கம் சொல்கிறார். அவளால் நிமிர்ந்து பதில் சொல்ல முடிவதில்லை.