ஏழு தட்டு

மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கஞ்சியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. இப்படியே போனால் திங்கட்கிழமை மறுபடி சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாய்-கிங்கின் கணவன் கப்பலில் இருந்தான். அவளே கிழவரை ஷாம் ஷூய் போ வட்டாரத்தில் அவர் வழக்கமாகச் சாப்பிடும் பழைய உணவகத்துக்கு அழைத்து வந்தாள். நாத்தனார் பூய்-சானும் கூட வந்தாள்.

எட்டு வகை சொன்னாள் வாய்-கிங். முக்கியமாக, ஆவியில் வெந்த களவா மீன். அதையாவது தொடுவார் என்று நம்பினாள்.

தட்டுகள் வந்தன. கிழவர் தேநீரை மட்டும் உறிஞ்சினார்.

"அண்ணி, எண்ணிப் பாத்தீங்களா?" என்றாள் பூய்-சான், குரலைத் தாழ்த்தி. "ஏழுதான் இருக்கு."

ஏழுதான். மீன் வரவில்லை.

"அடக்கம் பண்ணிட்டு வந்து சாப்பிடறதுக்குத்தான் ஏழு வைப்பாங்க. எங்கப்பா உயிரோட உக்காந்திருக்கார்."

"காதும் கேக்குது அவருக்கு" என்றார் கிழவர்.

வாய்-கிங்குக்கு முகம் சுட்டது. பரிமாறும் ஹோயைக் கூப்பிட்டாள்.

"மீன் தொட்டியிலயே செத்துப்போச்சும்மா" என்றார் ஹோய். "செத்த மீன இவருக்கு வைக்க மாட்டேன்னுட்டார் சமையல்காரர்."

"எப்ப செத்துது?" என்று கேட்டார் கிழவர்.

"நீங்க உள்ள வரும்போது நீந்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"என் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருச்சா."

ஹோய் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கிழவர் அடக்கவில்லை. "உங்க ஆள் செஞ்சது சரி. ஆஸ்பத்திரியில தினமும் செத்த மீனத்தான் போட்டாங்க. பஞ்சைத் தின்ன மாதிரி இருந்துச்சு. வாயத் திறக்கலன்னா டாக்டர் என்னைத் திட்டறான்."

"ஒரு கீரை போட்டுக் கொண்டு வாங்க" என்றாள் வாய்-கிங். "எட்டாயிடும்."

"அடுப்பெல்லாம் நிறைஞ்சிருக்கு. கொஞ்சம் நேரமாகும்."

"அதுவரைக்கும் இப்படியே பாத்துக்கிட்டு இருக்கணுமா?" பூய்-சான் முட்டைத் தட்டைத் தூக்கினாள். "இத உள்ள கொண்டு போங்க."

"வை கீழ." கிழவரின் குரல் பழைய குரலாக இருந்தது. "வந்த தட்ட அப்படியே திருப்பி அனுப்பறதா? சமையல்காரன் என்ன நெனைப்பான்?"

"ஏழுப்பா."

"அதுக்குக் காலி பண்ணித்தான் அனுப்பணும்."

தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஆவியில் வெந்த முட்டை, தளதளவென்று இருந்தது. ஒரு கரண்டி. வாய்-கிங் அவரைப் பார்க்காமல் தன் கிண்ணத்தைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி. பூய்-சான் உதவிக்குக் கரண்டியை நீட்டினாள். மேசைக்கடியில் அவள் காலை வாய்-கிங் மிதித்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. நீ வாத்து சாப்பிடு."

கிழவர் மெதுவாகத் தின்றார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். கடைசியில் தட்டின் அடியைச் சுரண்டினார். ஹோய் வந்து அதை எடுத்துப்போனார்.

"ஆறு" என்றார் கிழவர், உதட்டைத் துடைத்தபடி.

பூய்-சான் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

சற்றுப் பொறுத்து சமையலறைக் கதவு திறந்தது. ஹோய் கீரைத் தட்டோடு மேசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். வாய்-கிங் பார்த்துவிட்டாள். கையை லேசாக அசைத்தால் போதும், அவர் திரும்பிப் போய்விடுவார்.

அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

தட்டு மேசைக்கு வந்தது. கிழவர் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"மறுபடியும் ஏழா" என்று சலித்துக்கொண்டு, தோஃபுத் தட்டை இழுத்தார்.