தனுஷ்கோடிக்கு விழுந்த சீட்டு

பங்குனிப் பொங்கலுக்கு முதல் வாணம் யார் விடுவது என்று அம்மன் முன்னால் குலுக்கி எடுத்த சீட்டில் தனுஷ்கோடியின் பெயர் வந்தது. நாலைந்து பேர் கை தட்டினார்கள். தட்டிய கைகள் பாதியிலேயே நின்றுபோயின. தனுஷ்கோடி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பொன்னுத்தங்கம் நிமிரவே இல்லை. புருஷனுக்கு முதல் வாணம் விட வேண்டும் என்று எவ்வளவு ஆசை. இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட சீட்டு விழவில்லை. இப்போது விழுந்து என்ன செய்ய? அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்திக்கொண்டு வந்தது சிரிப்புதான். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஸ்வநத்தம் போகிற சாலையில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் அவளுடையது. சீசனில் ராத்திரி பகலாக மெஷின் ஓடும். ஊரில் அவளை ஏய்க்க ஆள் கிடையாது. ஆனால் அம்மன் கோயில் வரி மட்டும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. கல்யாணமான ஆம்பிளை ஒரு தலைக்கட்டு. அவன் வரி கட்டினால் அந்த வீட்டுக்குப் பொங்கல் பானை வைக்க இடம், பிரசாதத்தில் பங்கு, குலுக்கலில் ஒரு சீட்டு. அவன் போய்விட்டால் மகன் பேருக்கு மாறும். மகனும் இல்லாத வீட்டுக்கு வரியே வேண்டாம் என்று கோயில் கமிட்டி தள்ளுபடி செய்துவிடும். அதைக் கமிட்டி இரக்கம் என்று நினைத்தது. ஒரு மகளை மட்டும் பெற்ற பொன்னுத்தங்கத்துக்கோ, கோயில் கதவை யாரோ சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி இருந்தது. அதனால் வரி வசூலிக்கும் நாகையா வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, எப்போதும்போல புருஷன் பேரிலேயே போடச் சொல்லிவிட்டாள். நாகையாவும் போட்டார். ரேஷன் கார்டில் செத்துப்போன மனுஷன் அம்மனிடத்தில் வருஷாவருஷம் வரி கட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கே தெரியும், யாரும் கேட்டதில்லை.

கமிட்டித் தலைவர் ராஜபாண்டியன் தொண்டையைச் செருமினார். தனுஷ்கோடியின் தம்பி காளீஸ்வரன் அண்ணனுக்குப் பதிலாக வாணம் விடட்டும் என்றும், அடுத்த வருஷத்திலிருந்து அந்த வீட்டு வரியைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்றும் யோசனை சொன்னார். எதற்கும் நாளைக் காலையில் கூடி முடிவெடுப்போம் என்று எழுந்துவிட்டார். இனி என்றைக்கும் அந்தக் குலுக்கலில் தன் வீட்டுச் சீட்டு இருக்காது என்பது பொன்னுத்தங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வீட்டில் மகள் ரோஷினி கல்லூரி செமினாருக்குப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். மதுரையில் எம்.எஸ்ஸி. இயற்பியல். கேட்க ஆள் வேண்டும் என்று அம்மாவை இழுத்து உட்கார வைத்தாள். அணுவுக்குள் இருக்கிற துகள் ஒன்று, நாம் அளந்து பார்க்காதவரைக்கும் ரெண்டு நிலையிலும் இருக்குமாம். அளந்த நிமிஷத்தில் ஏதோ ஒன்றாகிவிடுமாம். அது எவ்வளவு கோணலான பேச்சு என்று காட்ட ஒரு விஞ்ஞானி வெடிமருந்தை உதாரணம் காட்டினாராம். பெட்டிக்குள் மூடியிருக்கிற மருந்து வெடித்தும் இருக்கிறது, வெடிக்காமலும் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா என்று.

"சிவகாசில வந்து இதச் சொல்லியிருந்தா அந்த ஆளு லைசென்ஸப் பிடுங்கியிருப்பாக," என்றாள் பொன்னுத்தங்கம். பிறகு மகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, அப்பம் பாக்காத வரைக்கும்தான் ரெண்டும். பாத்துட்டா ஒண்ணத்தான் சொல்லணும். அப்படித்தான?"

"துகளுக்குத்தாம்மா. மனுசனுக்கெல்லாம் செல்லாது."

"வரிக்குச் செல்லும்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் காளீஸ்வரன் புது வேட்டியோடு வந்திருந்தான். ராஜபாண்டியன் பேச ஆரம்பிக்கும் முன்னால் பொன்னுத்தங்கம் எழுந்துகொண்டாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. வரி வாங்கும்போது உசுரோட இருந்த மனுசன், மரியாதைன்னு வரும்போது மட்டும் செத்துட்டாகளா? இம்புட்டு நாளா நீங்களும் பெட்டியத் தொறக்கல, நானும் தொறக்கல. அம்மன் தொறந்துட்டா. இனி ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. உசுரோட இருக்காகன்னா கூப்பிட்டு வாணம் விடச் சொல்லுங்க. இல்லையின்னா, இதுவரைக்கும் வரி குடுத்தது யாருன்னு சொல்லுங்க."

"தள்ளுபடி பண்ணுதோம்னுதான சொல்லுதோம் தாயி," என்றார் ராஜபாண்டியன்.

"ஜி.எஸ்.டி. எம்பேர்ல வாங்குதாக. கரண்டு பில்லு எம்பேர்ல வருது. ஒருத்தரும் தள்ளுபடி பண்ணல. அம்மனுக்கு மட்டும் எங்காசு கசக்குதா?"

ஆம்பிளைகள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். இதை ஒத்துக்கொண்டால் ஊரில் இருக்கிற இத்தனை பெண்களும் வந்து நிற்பார்களே என்று ஒருவர் கவலைப்பட்டார். வந்தால் கோயிலுக்கு வரி கூடத்தானே செய்யும் என்று நாகையா மெதுவாகச் சொன்னார். காளீஸ்வரன் வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டே, "மதினியே விடட்டும் அண்ணாச்சி. வெடி வச்சா எனக்குக் கை நடுங்கும்," என்றான். பட்டாசு ஊரில் பிறந்தவன் இதை ஒத்துக்கொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும். எந்தப் பேரை மைக்கில் சொல்வது என்பதை மட்டும் சாயங்காலம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ராஜபாண்டியன் நழுவிவிட்டார்.

சாயங்காலம் கோயில் பொட்டலில் கூட்டம் நெருக்கியது. நடுவில் வாணங்கள் அடுக்கிய ஒரு பெட்டி. மேலே ஒட்டியிருந்த மயில் லேபிள் அவள் அச்சகத்தில் அடித்ததுதான். ஆயிரக்கணக்கில் லேபிள் அடித்தவள், ஒரு பெட்டிக்குக்கூட இதுவரை தன் கையால் தீ வைத்ததில்லை. ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக் கரகரத்தது.

"முதல் வாணம், தலைக்கட்டு..." ராஜபாண்டியன் நிறுத்தினார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. "தலைக்கட்டு, தனுஷ்கோடி சம்சாரம்..." மறுபடி நிறுத்தினார். அம்மன் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். "பொன்னுத்தங்கம்."

முன்வரிசையில் நின்ற செல்வலட்சுமி, அவளும் புருஷனை இழந்தவள்தான், நாகையாவின் சட்டையைப் பிடித்து இழுத்து என்னவோ கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

பொன்னுத்தங்கம் குனிந்து திரியில் ஊதுபத்தியை வைத்தாள். அது சீறிக்கொண்டு நெளிந்து ஓடிப் பெட்டிக்குள் நுழைந்தது. வெளியே நெருப்பைக் காணோம். ரோஷினி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, பின்னால் வரும்படி அம்மாவைத் தலையால் கூப்பிட்டாள். நாலடி தள்ளி வந்த பொன்னுத்தங்கம் காதைப் பொத்தாமல் திரும்பி நின்றாள். மயிலின் கழுத்துக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு புகை எழும்பிக்கொண்டிருந்தது.