உள்பக்கத் தையல்

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

நானும் ஊசியும் பத்தொன்பது வருடமாக ஒரே தையல் கடை நடத்துகிறோம். நான் துணி வெட்டுவேன். என்னைக் கத்திரி என்பாள். அவள் தைப்பாள்; அதனால் ஊசி. என் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டு நான் வீட்டோடு கிடந்தேன்.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு ஒரு பையோடு வந்தாள்.

"உன் சட்டையெல்லாம் குடுடி. துவைச்சு இஸ்திரி போட்டுத் தர்றேன்."

"ஏன், எங்க வீட்ல தண்ணி வரலையா?"

"தண்ணி வருது. உனக்குத் தெம்பு வரலையே."

போகும்போது மேசையிலிருந்த அளவு நோட்டும் பைக்குள் போனது. வாடிக்கைக்காரர் எல்லோருடைய அளவும் என் கையெழுத்தில் அதில் இருக்கிறது. நான் கேட்கவில்லை. என் நாத்தனார் கேட்டாள்.

"துணி துவைக்க அளவு நோட்டு எதுக்கு அண்ணி? வெட்டுறதுக்கு வேற ஆள் பாத்துட்டாங்களோ என்னவோ."

அந்தப் பேச்சு மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு வாரம் தவறாமல் சட்டைகள் போயின, வந்தன. நோட்டு மட்டும் வரவில்லை. வந்தால் ஊசி என் முகத்தைப் பார்ப்பதில்லை. தோளையும் இடுப்பையும் பார்த்தாள். நான் போன பிறகு கடையை எப்படி நடத்துவது என்று கணக்குப் போடுகிறாள் என்றே நினைத்தேன். போதாததற்கு விலாவில் இரண்டு பக்கமும் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. கட்டி பரவுகிறதோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது மருந்துக்குப் போன அன்று ஊசியும் துணைக்கு வந்தாள். நர்ஸ் எடை பார்த்தாள்.

"எட்டு கிலோ குறைஞ்சிருக்கீங்க."

"உங்க மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்ல. என் சட்டையைப் பாருங்க, அளவெடுத்த மாதிரி நிக்குது. துணி வெட்டுறவளுக்குத் தெரியாதா?"

டாக்டர் கேட்டார். "சாப்பாடு இறங்குதா? நெசமாவே குறைஞ்சிருந்தா மருந்தைத் தள்ளிவச்சுட்டு, முதல்ல குழாய் வழியா ஊட்டம் ஏத்தணும்."

"நல்லா இறங்குது" என்றேன். பாதித் தட்டுக்கு மேல் இறங்குவதில்லை. ஆனால் சட்டை சரியாக இருக்கிறதே!

"சரி, நாளைக்கு வாங்க. வேற மெஷின்ல பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் ஊசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றித் திருப்பினேன். பக்கவாட்டில் இரண்டு விரல் துணி விட்டு வெட்டுவது என் வழக்கம். இப்போது நான்கு விரல் மடிந்து கிடந்தது. கோடு போட்ட நோட்டுத்தாள் மாதிரி ஒன்றை ஒட்டி ஒன்றாகத் தையல்கள். ஒவ்வொன்றின் முனையிலும் மூன்று கெட்டித்தையல். அது ஊசியின் கை. சட்டையைச் சிறிதாக்கப் பிடித்துத் தைத்தவள் மிச்சத் துணியை வெட்டவில்லை. வெட்டுவது என் வேலை. பத்தொன்பது வருடத்தில் அவள் கத்திரியைத் தொட்டதில்லை.

விலாவில் உறுத்தியது அந்த மடிப்புதான்.

வேறு சட்டை மாட்டிக்கொண்டு, ஊசி உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்தேன்.

"எத்தனை தடவைடி பிடிச்ச?"

"ஆறு."

"நோட்டு?"

பையிலிருந்து எடுத்தாள். நோட்டில் எனக்கான பக்கத்தில், என் பழைய அளவுக்குக் கீழே, அவளுடைய கோணல் எழுத்தில் ஆறு வரி, தேதியோடு.

"எல்லாம் கண்ணளவு. நீ தூங்குறப்ப ரெண்டு தடவை டேப் வச்சேன். சட்டை தொளதொளன்னு தொங்குறதப் பாத்தா பயந்து மருந்தே வேணாம்னுடுவியோன்னு..."

"இன்னிக்கு டாக்டர்கிட்ட பொய் சொன்னது நானா, நீயா?"

அறைந்திருப்பேன், தெம்பில்லை.

"டேப்பை எடு. சட்டைக்கு மேல இல்ல, உடம்புல அள. சத்தமாச் சொல்லு. நாளைக்கு அவர்கிட்ட காட்டணும்."

அளந்தாள். "மார்பு முப்பத்தி நாலு."

அவள் பெருவிரல் எண்ணின் மேல் படுத்திருந்தது.

"விரலை எடு."

எடுத்தாள். "முப்பத்தி மூணு."

குனிந்து நானே பார்த்தேன். பிறகுதான் எழுதினேன்.

"அடுத்து இடுப்பு" என்றேன்.